தோள் உயரத்துக்கு எழும்பும் பந்தும் ஒரு கை பேக்ஹேண்டும்

டென்னிஸில் மட்டை பிடிக்காத கையின் பக்கம் வரும் பந்தைப் புறங்கை முன்னே வர அடிப்பதுதான் பேக்ஹேண்ட். அதை ஒரே கையால் ஆடுகிற எல்லோருக்கும் மறக்க முடியாத ஒரு தோல்வி இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன். எதிரே நின்றவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், இடக்கைக்காரர். வேகமாக ஒன்றும் அடிக்கவில்லை. வலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பந்தைச் சுழற்றி அனுப்புவார். அது என் பேக்ஹேண்ட் பக்கம் விழுந்து காது வரைக்கும் எழும்பும். நான் எக்கி எக்கி அடிப்பேன். பாதிப் பந்துகள் வலையில் போய் மாட்டும், மீதி அவர் பக்கத்துக் கோர்ட்டின் நடுவே குறுக்காக ஓடும் சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் சொத்தென்று விழும். அவர் நடந்து வந்து முடித்துவிடுவார். 6-1, 6-2. கை குலுக்கும்போது, "தம்பி, உங்க பேக்ஹேண்ட் நல்லா இருக்கு, இடுப்பு உயரத்துல வந்தா" என்றார்.

அன்று நான் போட்ட கணக்கு தப்பு. காது உயரத்தில் நன்றாக அடிக்கத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். உண்மையில் காது உயரத்தில் அடிக்க வேண்டிய நிலைக்கு நான் வந்ததே கோளாறு. அங்கே வந்து நின்ற பிறகு நுட்பம் தேடிப் பயனில்லை. முன்னே போவதா, பின்னே போவதா, வெட்டுவதா என்ற முடிவு, பந்து வலையைத் தாண்டும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முடிவைப் பற்றித்தான். வலக்கைக்காரர்களுக்காக எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் திசைகளை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, கையை நீட்டி, புறங்கையால் சுவரை இடுப்பு உயரத்தில் தள்ளுங்கள். உடம்பு முழுவதும் துணைக்கு வரும். இப்போது அதே கையைக் காது உயரத்துக்குத் தூக்கித் தள்ளுங்கள். தோளின் பின்புறத்தில் இருக்கும் சிறிய தசைகள் மட்டும் தனியாகத் திணறுவது தெரியும். இரண்டு கை பேக்ஹேண்டில் இன்னொரு கை பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கிறது, அதனால் அவர்கள் தோள் உயரப் பந்தையும் சமாளித்துவிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

எதிராளிக்கும் இது தெரியும். டாப்ஸ்பின் அடித்த பந்து முன்னோக்கிச் சுழன்றபடி வருவதால் காற்றில் சட்டென்று கீழே வளையும். ஆகவே வலைக்கு மேலே நிறைய இடம் விட்டு அடித்தாலும் கோர்ட்டுக்குள்ளேயே விழும். செங்குத்தாக இறங்குவதால் தரையில் பட்டதும் உயரமாகவும் எழும்பும். வலையின் நடுப்பகுதி வெறும் 91 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேலே ஒன்றரை மீட்டர் விட்டு அடிப்பவருக்குத் தவறு செய்யவே வாய்ப்புக் குறைவு. அவருக்கு அது பாதுகாப்பான அடி, நமக்கு அது தலைவலி.

இடக்கைக்காரர் என்றால் இன்னும் மோசம். அவருடைய இயல்பான கிராஸ் கோர்ட் ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கத்திலிருந்து மூலைவிட்டமாக அடிக்கும் பந்து, நேராக நம் பேக்ஹேண்டுக்குத்தான் வரும். ரஃபேல் நடால் ரோஜர் ஃபெடரரை ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் படுத்தி எடுத்தார். ஃபிரெஞ்ச் ஓபன் இறுதிப் போட்டியில் இருவரும் 2006, 2007, 2008, 2011 என்று நான்கு முறை மோதினார்கள். நான்கிலும் நடால்தான் வென்றார். 2008-இல் ஸ்கோர் 6-1, 6-3, 6-0. ஆக, இதில் தோற்பதற்கு நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் பிடியைச் சரிபாருங்கள்

மட்டையின் கைப்பிடியில் எட்டுப் பட்டைகள் இருக்கும். மட்டையின் முகம் பக்கவாட்டைப் பார்க்க, விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்தால், மேலே வரும் பட்டைதான் நமக்கு முக்கியம். ஆள்காட்டி விரலின் அடிமுட்டி அந்த மேல் பட்டையில் உட்கார வேண்டும். இதுதான் ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் கிரிப். புதிதாக வருபவர்களில் பலர் முட்டியை அதற்கு ஒரு பட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டே, பந்தை வெட்டாமல் ஓங்கி டிரைவ் அடிக்கப் பார்க்கிறார்கள். அது கான்டினென்டல் கிரிப். பந்தைப் பின்சுழற்சியோடு வெட்டும் ஸ்லைஸுக்கும், தரையில் படும் முன்பே அடிக்கும் வாலிக்கும் அருமையாக இருக்கும், ஆனால் உயரமான பந்தை அதில் டிரைவ் அடித்தால் மட்டையின் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மேல் பட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் உயரமான பந்து சுலபமாகும், தாழ்வான பந்து கஷ்டமாகும். புதியவர்கள் அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பிடியை மாற்றுவது வலக்கை வேலை இல்லை. இடக்கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்புங்கள், வலக்கை தளர்ந்து இடம் கொடுக்கட்டும். தோளைத் திருப்பும்போதே இது தானாக நடக்கும் அளவுக்குப் பழக வேண்டும்.

அடுத்தது தோள்

எதிராளி அடித்த கணத்தில் கால்கள் சின்னதாக ஒரு குதி குதித்து இறங்க வேண்டும், அதுதான் ஸ்பிலிட் ஸ்டெப். பந்து பேக்ஹேண்டுக்கு வருகிறது என்று தெரிந்ததும் முதல் அசைவு தோள் திரும்புவது. வலது தோள் தாடைக்குக் கீழே வர வேண்டும், எதிராளிக்கு உங்கள் முதுகில் கொஞ்சம் தெரிய வேண்டும். பந்து தரையில் பட்ட பிறகுதான் திரும்ப ஆரம்பிப்பேன் என்றால், கீழே சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

உயரமான பந்துக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம்: மட்டையின் தலையை ஆரம்பத்திலேயே தோள் உயரத்தில் வைத்திருங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு அங்கிருந்து மேலே இழுக்க நேரம் இருக்காது.

வலையைத் தாண்டும் முன் முடிவு

எதிராளியின் மட்டை கீழிருந்து மேலே செங்குத்தாகப் போகிறதா? பந்து வலைக்கு மேலே ஒரு மீட்டருக்கும் அதிகமாக வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது எழும்பப் போகிற பந்து. இனி அது எங்கே விழும் என்பதுதான் கேள்வி. சர்வீஸ் கோட்டை ஒட்டி விழப்போகிறது என்றால் முன்னே போக வேண்டும், யோசிக்கவே வேண்டாம். கோர்ட்டின் பின் எல்லைக் கோடான பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் முன்னால் விழப்போகிறது என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி ஒன்று: ஏறும்போதே அடிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிப்பதும் இதுதான். தரையில் பட்ட பந்து முதலில் முழங்காலைத் தாண்டும், இடுப்பைத் தாண்டும், நெஞ்சைத் தாண்டும், அப்புறம்தான் காதுக்கு வரும். எவ்வளவு எழும்புகிற பந்தானாலும் இடுப்பு உயரத்தை ஒரு முறை கடந்துதானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் அதைப் பிடித்துவிட்டால் அது உயரமான பந்தே இல்லை.

இதற்குப் பேஸ்லைனை விட்டு நகராமல், முடிந்தால் அரை அடி உள்ளே வந்து நிற்க வேண்டும். மட்டையைப் பின்னால் கொண்டுபோவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, பந்திலேயே இருக்கிறது. வலது காலை முன்னே ஊன்றி, அந்தக் காலுக்கும் முன்னால், கை நேராக நீண்டிருக்கும் நிலையில் பந்தைச் சந்தியுங்கள். ஒரு கை பேக்ஹேண்டின் சந்திப்புப் புள்ளி நாம் நினைப்பதைவிட எப்போதும் ஒரு சாண் முன்னால்தான் இருக்கிறது.

சுழன்று வரும் பந்து நரம்பில் பட்டதும் மேலே ஏறிப் போகப் பார்க்கும். முதல் வாரம் நீங்கள் அடிப்பதெல்லாம் பின்பக்க வேலிக்குப் போவதற்குக் காரணம் அதுதான். மட்டையின் முகத்தைத் துளி கீழ்நோக்கிச் சாய்த்து, கீழிருந்து மேலே இழுப்பதைக் குறைத்து, முன்னோக்கித் தள்ளுங்கள். இடக்கை பின்னாலேயே நிற்கட்டும். அது முன்னால் வந்தால் மார்பு திறந்துவிடும், பந்து கோர்ட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடும்.

நேரம் சரியா என்று கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது எளிது. தரையில் பட்டால் 'டப்', மட்டையில் பட்டால் 'டக்'. ஏறும்போது அடித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'டப்டக்' என்று கேட்கும். நடுவே மூச்சு விடும் இடைவெளி வந்தால் பந்து ஏற்கெனவே தோளுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியின் காணொளி கிடைத்தால் ஃபெடரரின் கால்களை மட்டும் பாருங்கள். பழைய நடால், பழைய உயரப் பந்து. ஆனால் ஃபெடரர் பேஸ்லைனை விட்டுக் கொடுக்காமல், பேக்ஹேண்டை ஏறும்போதே தட்டையாக அடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்தவர் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 6-3 என்று முடித்தார். முகம் 90 சதுர அங்குலம் இருந்த மட்டையிலிருந்து 97-க்கு மாறியதும் அவருக்கு உதவியது. நாம் எல்லாம் 97-க்கும் குறைவாக வைத்துக்கொண்டு வீரம் காட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

வழி இரண்டு: பின்னே போய் இறங்கவிடுவது

ஏறும்போது இடுப்பைக் கடந்த பந்து இறங்கும்போதும் கடக்கும். அதற்குப் பேஸ்லைனுக்குப் பின்னால் மூன்று, நான்கு மீட்டர் போக வேண்டியிருக்கும். ஒரு கை பேக்ஹேண்டுக்குப் பேர்போன பிரெஞ்சு வீரர் ரிச்சர்ட் கஸ்கே தன் விளையாட்டு வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த இடத்தில்தான் கழித்தார் என்று சொல்லலாம். நேரம் நிறையக் கிடைக்கும், முழு வீச்சு வீசலாம். களிமண் கோர்ட்டில் இது நல்ல வழி.

பலர் செய்யும் தவறு, வலையைப் பார்த்தபடியே பின்னால் தத்தித் தத்திப் போவது. அப்படிப் போனால் அடிக்கும்போதும் எடை பின்னாலேயே இருக்கும். தோளைத் திருப்பிவிட்டு, ஓடுகிற மாதிரிப் பக்கவாட்டில் பின்னே போங்கள். வேண்டியதைவிட ஓர் அடி அதிகமாகவே போங்கள். பிறகு பந்து இறங்க ஆரம்பித்ததும் அந்த ஓர் அடியை முன்னோக்கி வைத்து அடியுங்கள்.

அங்கிருந்து தட்டையாக அடித்து வின்னர் எடுக்கலாம் என்று கனவு காண வேண்டாம். நீங்களும் உயரமாக, ஆழமாக, கிராஸ் கோர்ட்டில் திருப்பி அனுப்புங்கள். உடனே கோர்ட்டை நோக்கி இரண்டு அடி ஓடி வாருங்கள், ஏனென்றால் எதிராளி அடுத்து, வலையை ஒட்டி மெதுவாகப் போடும் டிராப் ஷாட்டைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

வழி மூன்று: வெட்டு

முன்னே போகவும் நேரமில்லை, பின்னே போக இடமுமில்லை. அப்போது ஸ்லைஸ். பிடி கான்டினென்டலுக்கு வர வேண்டும். இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்க, மட்டையின் தலை பந்தைவிட உயரத்தில் இருக்கட்டும்.

'வெட்டு' என்ற சொல்லை நம்பி விறகு வெட்டுவதுபோல மேலிருந்து கீழே இறக்குகிறவர்கள்தான் அதிகம். பந்து அப்படியே மிதந்து, சர்வீஸ் கட்டத்தில் போய் எதிராளியைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கும். உயரமான பந்தில் வீச்சு முக்கால்வாசி முன்னோக்கி, கால்வாசிதான் கீழ்நோக்கி. மேசையில் சிந்திய மாவை நீளவாக்கில் ஒரே தள்ளாகத் துடைப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு இறுக்கம், மட்டை முகம் லேசாகத் திறப்பு. வலக்கை முன்னே போகும் அதே நேரத்தில் இடக்கை பின்னே போக வேண்டும்.

நல்ல ஸ்லைஸ் எதிராளியின் பக்கம் தரையோடு வழுக்கும். டாப்ஸ்பின் மன்னர்களில் பலர், உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போகும் வெஸ்டர்ன் அல்லது செமி வெஸ்டர்ன் கிரிப்பில் ஆடுபவர்கள். அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் பந்து, நமக்குக் காது உயரப் பந்து போல. அவரும் கொஞ்சம் குனியட்டுமே.

திசையையும் கவனியுங்கள். வலக்கைக்காரர் என்றால் கிராஸ் கோர்ட் ஸ்லைஸ் அவர் பேக்ஹேண்டுக்குப் போகும். இடக்கைக்காரருக்கு அதே கிராஸ் கோர்ட்டை அனுப்பினால் மறுபடி அவருடைய ஃபோர்ஹேண்டுக்கே விருந்து வைப்பதாகும். அவருக்கு டவுன் த லைன்தான், அதாவது பக்கக் கோட்டை ஒட்டி நேராக. அந்த மூத்தவரோடு மறுபடி ஆடியபோது இந்த ஒன்றை மட்டும் மாற்றினேன். தோற்றேன், ஆனால் 6-4, 6-4. அவருடைய பேக்ஹேண்ட் என்னுடையதைவிட மோசம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

மூன்றும் முடியாவிட்டால்

சில நேரம் தோள் உயரத்திலேயே அடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது வேகத்தை மறந்துவிடுங்கள். இடது காலில் எடையை ஏற்றி, அங்கிருந்து லேசாக எழும்பி, பக்கவாட்டில் நின்றபடியே அடியுங்கள். பந்தைச் சந்திப்பது வழக்கத்தைவிட இன்னும் முன்னால். முழங்கை மடங்கவே கூடாது. அறுபது சதவீத பலம் போதும். வலைக்கு மேலே நிறைய உயரம் விட்டு, கிராஸ் கோர்ட்டில் ஆழமாகப் போடுங்கள். அது தலைக்கு மேலே தூக்கிப் போடும் லாப் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

உயரம் குறைவு என்று சிலர் சாக்குச் சொல்வதுண்டு. பெல்ஜிய வீராங்கனை ஜஸ்டின் எனின் 1.67 மீட்டர் உயரம். ஒரு கை பேக்ஹேண்டோடு ஃபிரெஞ்ச் ஓபனை 2003, 2005, 2006, 2007 என்று நான்கு முறை வென்றவர்.

சுழன்று வந்து உயரமாக எழும்பும் கிக் சர்வுக்கும் இதே மூன்று வழிகள்தான். புதியவர்களுக்கு நான் சொல்வது: பேஸ்லைனுக்கு ஓர் அடி உள்ளே நின்று, வீச்சே இல்லாமல் ஸ்லைஸ் பிடியில் தடுத்து ஆழமாக அனுப்புங்கள். அது எழும்பி முடிக்கும்வரை காத்திருந்தால் கோர்ட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தப் பந்தே வராமல் செய்வது

உங்கள் பந்து குட்டையாக, இடுப்பு உயரத்தில் போய் நின்றால்தான் அவரால் நிதானமாகச் சுழற்றி அடிக்க முடியும். பேஸ்லைனுக்குப் பக்கத்தில் விழும் பந்தை அப்படி அடிப்பது யாருக்கும் எளிதல்ல. ராலியின்போது நடுக்கோட்டிலிருந்து ஓர் அடி இடப்பக்கம் தள்ளி நின்றால், மெதுவாக வரும் பந்துகளைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்டால் அடிக்கலாம். வலப்பக்கம் கொஞ்சம் காலியாகத் தெரியும்தான். அங்கே அடிக்கச் சொல்லி அவரைத் தூண்டுவதும் ஒரு லாபமே, அது நமக்குப் பிடித்த பக்கம்.

பயிற்சி

துணைக்கு ஒருவர் வேண்டும், ஒரு கூடைப் பந்து வேண்டும். அவர் உங்களுக்கு மூன்று மீட்டர் எதிரே நின்று பந்தைத் தரையில் ஓங்கிக் குத்தி எழும்பவிடட்டும். நீங்கள் நகராமல் அது இடுப்பைத் தாண்டும் முன் அடியுங்கள். இருபது பந்து, ஓய்வு, மறுபடி இருபது. எங்கே போய் விழுகிறது என்று முதல் நாள் பார்க்கவே வேண்டாம், 'டப்டக்' கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் இருவரும் அவரவர் சர்வீஸ் கோட்டில் நின்று மெதுவாக ராலி ஆடுங்கள். ஒரே விதி, கோட்டைவிட்டுப் பின்னே போகக் கூடாது. காலடியில் விழும் பந்தையெல்லாம் ஹாஃப் வாலியாக, தரையில் பட்டு எழும் கணத்திலேயே, எடுத்தே தீர வேண்டும். பத்து நிமிடத்தில் கைகள் தாமாகவே வீச்சைக் குறைத்துக்கொள்ளும்.

முக்கியமான பயிற்சி கடைசியாக. துணைவர் பேஸ்லைனிலிருந்து உங்கள் பேக்ஹேண்டுக்கு மட்டும் டாப்ஸ்பின் அடிக்கட்டும், ஆழத்தை மாற்றி மாற்றி. ஒவ்வொரு பந்துக்கும், அது வலையைத் தாண்டும் முன், "முன்", "பின்", "வெட்டு" என்று ஏதாவது ஒன்றை உரக்கச் சொல்லுங்கள். சொன்னதைத்தான் செய்ய வேண்டும், நடுவில் மனம் மாறக் கூடாது. பந்தைத் தவறவிட்டால் பரவாயில்லை. வாயைத் திறக்காமல் அடித்தால், அது எவ்வளவு அழகாகப் போய் விழுந்தாலும் புள்ளி அவருக்கு. 11 புள்ளி வரை ஆடுங்கள். ஆரம்பத்தில் "மு..." என்று இழுக்கும்போதே பந்து காதைத் தாண்டிப் போயிருக்கும், பக்கத்துக் கோர்ட்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் சொல் முன்னால் வர ஆரம்பிக்கும்.

இடையில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு டிரைவை நிறுத்திவிட்டு ஸ்லைஸ் மட்டும் ஆடுங்கள், அதிலும் வலித்தால் மட்டையைப் பையில் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் பந்தைத் தாமதமாக, மணிக்கட்டும் முழங்கையும் மடங்கிய நிலையில், முழங்கை மட்டைக்கு முன்னால் போகும்படி அடித்திருப்பீர்கள். வலி அடங்கிய பின் மறுபடி கூடையிலிருந்து, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.